வேப்பிலை செருகிய வாசல்: பெரியம்மையும் தமிழ் வீட்டு வழக்கங்களும்

பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. ஆனால் அந்த நோயை ஒட்டித் தமிழ் வீடுகளில் பல தலைமுறைகளாக உருவாகியிருந்த வழக்கங்கள் நோயோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. இன்றும் ஒரு வீட்டில் சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது, சமையலில் தாளிப்பு நின்றுபோகிறது, அக்கம்பக்கத்தார் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துச் செல்கின்றனர். இவ்வழக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும், முன்னோர் மறைத்து வைத்த மருத்துவ அறிவு என்று போற்றுவோரும் அவை நோயை என்ன செய்தன என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். நோயாளிக்கும் அவரைச் சுற்றி வாழ்ந்தோருக்கும் இடையிலான உறவை அவை என்ன செய்தன என்ற கேள்வி அதைவிடப் பெரியது. தொற்றுநோய் கண்டவரிடமிருந்து விலகியிருக்கவும் வேண்டும், அவரைக் கைவிடவும் கூடாது என்ற கடினமான நிலையில், நோயாளியையே வீட்டின் மிக உயர்ந்த இடத்தில் வைத்துவிடுவது என்பதுதான் இச்சமூகம் கண்டடைந்த வழி.

அந்த வழியின் ஒவ்வொரு கூறும் நோயின் போக்கை ஒட்டி அமைந்தது. பெரியம்மையை உண்டாக்கிய வைரஸ் மனிதரிடம் மட்டுமே வாழ்ந்தது. உடலுக்குள் புகுந்தபின் ஏறக்குறைய 12 நாள் வெளித்தெரியாமல் இருந்துவிட்டு, கடுங்காய்ச்சலாகவும் முதுகுவலியாகவும் வெளிப்பட்டு, அடுத்த இரண்டு மூன்று நாளில் முகத்திலும் கை கால்களிலும் கொப்புளங்களாக எழும்பியது. கொப்புளங்கள் சீழ் கோத்து, காய்ந்து, பொருக்குகளாகி உதிர்ந்து முடிய ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. கடைசிப் பொருக்கு உதிரும்வரை பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் நீடித்தது. கடுமையான வகை கண்டவர்களில், தடுப்பு பெறாதோரில் 100க்கு 30 பேர் வரை இறந்தனர்; பிழைத்தோரில் பலர் முகத்தழும்புகளோடும் சிலர் பார்வை இழந்தும் வாழ்ந்தனர். ஒருமுறை கண்டு பிழைத்தவரை நோய் மறுபடி அண்டுவது மிக அரிது. மழைக்காலத்தில் தணிந்து, வறண்ட மாதங்களில் பெருகி, பங்குனி சித்திரையில் உச்சம் தொடுவது இந்நாட்டில் அதன் இயல்பாக இருந்தது. நோயை வெல்லும் மருந்து எவரிடமும் இல்லை என்பதால், பணிவிடையே முழு மருத்துவமாகவும் இருந்தது.

தமிழ்நாட்டில் அம்மை நோயின் தெய்வமாக வணங்கப்பட்ட மாரியம்மன் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய விரிவான குறிப்புகளில் ஒன்று தரங்கம்பாடியில் பணியாற்றிய செருமானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு 1713ஆம் ஆண்டு எழுதி முடித்த, தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலில் உள்ளது. அக்காலத்திலேயே ஊர்தோறும் அவளுக்குக் கோயிலும் ஆண்டுத் திருவிழாவும் இருந்தன. நோய் என்பது அவள் அனுப்பிய தண்டனை என்பது ஒரு நம்பிக்கை. அவளே அந்த உடலுக்குள் வந்து தங்கியிருக்கிறாள் என்பது அதனினும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. எனவே நோயாளியைப் பற்றிய பேச்சும் மாறியது: நோய் வந்துவிட்டது என்று சொல்லாமல் அம்மை வார்த்திருக்கிறது, அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றனர், கொப்புளத்தை முத்து என்றனர், குணமாவதை முத்து இறங்குவது என்றனர். வீட்டுக்கு வந்த விருந்தாளியை, அதுவும் சினம் மிக்க ஒரு பெருந்தெய்வத்தை, மனம் கோணாமல் வைத்திருந்து மகிழ்ச்சியோடு வழியனுப்புவதே குடும்பத்தின் கடமையாயிற்று. நோயாளியைக் கடிந்து பேசுவதும், அவர் எதிரில் அழுவதும், அவர் கேட்டதை மறுப்பதும் தெய்வக் குற்றமாக எண்ணப்பட்டன. மூன்று வாரம் எரிச்சலிலும் அரிப்பிலும் துடிக்கும் ஒரு குழந்தையிடம் வீட்டார் எவரும் பொறுமை இழக்கக்கூடாது என்பதை இதைவிட வலுவாகச் சொல்லிவைத்த வேறு விதி இல்லை.

வீட்டு ஒழுங்கு முதல் நாளிலேயே மாறிவிடும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டதும் அந்த வீடு ஊரின் வழக்கமான போக்குவரத்திலிருந்து விலகிக்கொண்டதாகப் பொருள். அதைக் கண்டவர் உள்ளே நுழைவதில்லை. உள்ளிருப்போரும் பிறர் வீட்டுக்கோ கோயிலுக்கோ விசேஷங்களுக்கோ போவதில்லை. நெருப்பும் மோரும் இரவல் வாங்குவதுகூட நின்றுவிடும். அழுக்குத் துணி வெளுக்கப் போடப்படாது, நாவிதர் வரமாட்டார், வீட்டார் சவரம் செய்துகொள்வதில்லை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை. கணவன் மனைவி விலகியிருக்க வேண்டும். மாதவிலக்கான பெண்ணும் கருவுற்ற பெண்ணும் நோயாளியின் பக்கம் வரக்கூடாது. திருமணம் பேசியிருந்தால் தள்ளிப்போகும். நோயாளிக்கு வேப்பிலை பரப்பிய படுக்கையும் வாழையிலையும் தரப்பட்டன. கொப்புளம் அரிக்கும்போது நகம் படாமல் வேப்பங்கொழுந்தால் வருடிவிடுவர். மாலையில் விளக்கேற்றி, அம்மனைக் குழந்தையாக்கித் தாலாட்டும் மாரியம்மன் தாலாட்டைப் படிப்பது பல வீடுகளில் வழக்கம். கூட்டாகப் படிக்கும் அந்த ஒரு மணி நேரம் நோயாளிக்கு எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதை மருத்துவக் குறிப்புகள் எதிலும் காண முடியாது.

உணவில் வந்த மாற்றம் நோயாளியோடு நிற்கவில்லை என்பது தனித்துக் கவனிக்கத்தக்கது. அம்மை உடற்சூட்டால் வருவது என்றும், அம்மனைக் குளிர்விக்க வேண்டும் என்றும் கருதப்பட்டதால் இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ், நுங்கு போன்றவையே நோயாளிக்குத் தரப்பட்டன. ஆனால் மீனும் இறைச்சியும் வறுவலும் வீடு முழுவதற்கும் விலக்கப்பட்டன. கடுகு தாளிக்கும் வாசனைகூட அந்தக் கூரையின்கீழ் எழக்கூடாது. ஒருவர் நோயுற்றால் எல்லோரும் விரதம் காப்பது என்ற இந்த ஏற்பாடு, நோயாளியைத் தனித்து உண்ணும் ஒதுக்கப்பட்டவராக ஆக்காமல், வீட்டையே அவருடைய பத்தியத்துக்குள் கொண்டுவந்தது. இதே எண்ணத்தின் பெரிய வடிவத்தைத் திருச்சிக்கு அருகிலுள்ள சமயபுரத்தில் காணலாம். அங்கே மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள் அம்மனே பக்தர்களின் நலனுக்காகப் பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாகக் கொண்டு, அந்நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் படைக்காமல் துள்ளுமாவும் இளநீரும் பானகமும் படைக்கின்றனர்.

குணமானதை அறிவிக்கவும் முறை இருந்தது. முத்துகள் காய்ந்து இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கித் தலைக்கு ஊற்றுவர். ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகே நோயாளி பிறரோடு கலக்கலாம், வாசலில் உள்ள வேப்பிலையும் எடுக்கப்படும். தொற்று முடிந்துவிட்டதா என்று ஐயுற்று அஞ்சும் அண்டை வீட்டாருக்கு இதனால் ஐயமற்ற ஓர் எல்லைக்கோடு கிடைத்தது. மூன்றாம் தண்ணீருக்குப் பின்னும் ஒருவரை விலக்கி வைப்பது முறைகேடு என்பதால், பழைய உறவுக்குத் திரும்புவது நோயாளி கெஞ்சிப் பெற வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

பணிவிடை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் தாயும் பாட்டியுமே. முன்பே அம்மை கண்டு பிழைத்தவர் அருகில் இருக்கலாம் என்பதை எல்லோரும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அம்மை வடு நிறைந்த முதியவள் ஒருத்தி வீட்டில் இருப்பது நோய்க்காலத்தில் பெரும் பேறு. மற்ற நாட்களில் அந்த வடு சுமையாகவே இருந்தது. அம்மைத் தழும்புள்ள பெண்ணுக்கு வரன் அமைவது கடினமாக இருந்தது. ஆணுக்கு அந்த அளவு தடை இருக்கவில்லை. மரணத்திலும் நோய் தன் முத்திரையைப் பதித்தது: உடலை எரிக்கும் வழக்கமுடைய சமூகங்களில்கூட, அம்மையில் இறந்தவரை எரித்தால் உள்ளிருக்கும் அம்மனைச் சுட்டதாகும் என்று கருதிப் புதைத்த ஊர்கள் உண்டு.

இவ்வழக்கங்கள் நோய்ப் பரவலைத் தடுத்தனவா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, ஓரளவு மட்டுமே என்பதாகும். வெளியார் வராததாலும் துணிகள் வண்ணார் வீட்டுக்குப் போகாததாலும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொற்று செல்வது குறைந்திருக்கக்கூடும். ஆனால் வீட்டுக்குள்ளே காப்பு இல்லை. சென்னைத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் பல்லாண்டு பணியாற்றி, பெரியம்மை பற்றி உலகமே நாடிய ஆய்வுகளைத் தந்த மருத்துவர் ஏ. ஆர். ராவ், நோய் கண்ட 254 குடும்பங்களில் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவிய விதத்தைத் தம் குழுவினரோடு ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார்; ஒரே கூரையின்கீழ் நெருங்கி வாழ்வோரிடையேதான் இந்நோய் முதன்மையாகப் பரவுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது. கருவுற்ற பெண்களை இந்நோய் மற்றவரைவிடக் கொடுமையாகத் தாக்கியதையும் அவருடைய பதிவுகள் காட்டின. தாலாட்டுப் படித்த அதே அறையில்தான் அடுத்த குழந்தைக்கும் நோய் தொற்றியது. வேப்பிலையும் மஞ்சளும் எரிச்சலையும் அரிப்பையும் தணித்திருக்கலாம். வைரசை அவை கொல்லவில்லை. இத்தனை மரணங்களுக்கு நடுவிலும் நோயாளி கைவிடப்படாமல் இருந்தார் என்பதே வழக்கத்தின் வெற்றி. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

வீட்டுக்கு வேப்பிலை எப்படியோ, ஊருக்குக் காப்புக்கட்டு அப்படி. மாரியம்மன் திருவிழாவின் தொடக்கமாக அம்மனுக்கும் பூசாரிக்கும் மஞ்சள் கயிறு கட்டுவதைக் காப்புக் கட்டுதல் என்பர். காப்புக் கட்டும்போது ஊரில் இருந்தவர் திருவிழா முடியும்வரை ஊரெல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது, திருமணம் நடத்தக்கூடாது என்ற விதி பல ஊர்களில் இன்றும் உள்ளது. கொங்கு நாட்டில் பூச்சாட்டிக் கம்பம் நடுவது இதற்கு இணையான தொடக்கம். மூன்று கிளையாகப் பிரியும் மரக்கம்பத்தைக் கோயில் முன் நட்டு, அதற்குப் பெண்கள் நாள்தோறும் மஞ்சள் நீர் ஊற்றுவர். திருவிழாக்கள் பெரும்பாலும் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில், அதாவது நோய் உச்சம் பெற்ற மாதங்களில் அமைந்ததும், பல ஊர்களில் அவை ஒன்றிரண்டு வாரம் நீடித்ததும் தற்செயல் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. எனினும் இதைத் திட்டமிட்ட ஊர்முடக்கம் என்று இன்று சிலர் எழுதுவது ஏற்கத்தக்கதன்று. அதே திருவிழா பெருங்கூட்டத்தையும் கூட்டியது, கூட்டம் நோயையும் பரப்பியது. உறுதியாகச் சொல்லக்கூடியது, அச்சம் மிகுந்த மாதங்களில் ஊரார் அனைவரும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் வந்து, ஒரே நாளில் அதிலிருந்து விடுபட்டனர் என்பதாகும். நிறைவு நாளின் மஞ்சள் நீராட்டில், முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும், மாமனும் மைத்துனனும் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் நீரை ஊற்றி விளையாடினர். விலகல் எங்கே தொடங்கியது என்பது காப்பால் தெரிந்ததுபோல், மறுபடி நெருங்கலாம் என்பதும் இந்த ஈரத்தால் எல்லோருக்கும் தெரிந்தது.

எட்வர்ட் ஜென்னர் 1796இல் மாட்டம்மைச் சீழைக் கொண்டு கண்டறிந்த தடுப்புமுறை 1802ஆம் ஆண்டு இந்தியாவை எட்டியது. விரைவில் சென்னை மாகாணத்திலும் பரவத் தொடங்கியது. அன்றைய நடைமுறைப்படி, தடுப்பு குத்தப்பட்ட ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி இட வேண்டும். கைக்குக் கை மாற்றும் முறை என்று இதைக் கூறலாம். இம்முறை சாதி எல்லைகளை நேராகத் தொட்டது. வேறு சாதிக் குழந்தையின் உடல்நீர் தம் குழந்தைக்குள் செல்வதைப் பலர் ஏற்கவில்லை. தம் குழந்தையின் கையிலிருந்து நீரெடுக்கவும் பெற்றோர் ஒப்பவில்லை, ஏனெனில் அது குழந்தைக்கு வலி தந்தது. தெய்வம் தானே வந்து செல்ல வேண்டிய உடலில் இரும்பால் கீறுவது அம்மனை அவமதிப்பதாகும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. 1880இல் தடுப்பூசிச் சட்டம் வந்தபின் அம்மை குத்துபவர் என்று மக்கள் அழைத்த கடைநிலை ஊழியர் ஊருக்குள் வருகிறார் என்றாலே குழந்தைகளை ஒளித்து வைப்பது பொதுவான காட்சியாயிற்று. கன்றுக்குட்டியின் தோலில் தடுப்புப்பொருளை வளர்க்கும் முறை நிலைபெற்று, அதற்காக 1899இல் சென்னை கிண்டியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டபோதுதான் ஒரு குழந்தையின் உடலை மற்றொரு குழந்தைக்குப் பயன்படுத்தும் தேவை நீங்கியது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் பெயரால் அது பின்னர் கிங் நிலையம் என்று வழங்கலாயிற்று.

தடுப்பூசிக்கு எழுந்த எதிர்ப்பை அறியாமை என்று மட்டும் பதிவுசெய்த அக்கால அதிகாரிகள், அரசின் கை எங்கெங்கே நீண்டதோ அங்கெல்லாம் உறவுகள் கலங்கியதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும், அடுத்த ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டு, வீடுவீடாகச் சோதனையிடவும், நோயாளியை மருத்துவமனைக்கும் உறவினரை முகாமுக்கும் பிரித்து அனுப்பவும் அதிகாரம் தரப்பட்டது. பூனாவில் இச்சோதனைகளை நடத்திய அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22ஆம் நாள் சுடப்பட்டார். நோயாளியைத் தாயிடமிருந்து பிரிக்காமல் விலக்கத் தெரிந்திருந்த மக்களுக்கு, பிரிப்பதையே மருத்துவமாகக் கொண்ட இந்த முறை நோயைவிடக் கொடியதாகத் தோன்றியது. தமிழ் மக்கள் புதிய நோயையும் பழைய மொழியிலேயே புரிந்துகொள்ள முயன்றதற்குக் கோயம்புத்தூரிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் சான்றாக நிற்கின்றன.

பின்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பிறகே கடல் கடந்தனர். அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் மண்டபம் கேம்ப் என்றே அழைக்கப்படுகிறது. தமிழர் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் மாரியம்மனும் சென்றாள். மாத்தளையிலும், 1827இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்க் கோயிலிலும், தென்னாப்பிரிக்காவிலும் அவள் நோய்த் தெய்வமாக மட்டுமன்றி, அந்நிய மண்ணில் தமிழரை ஒன்றாக வைத்திருந்த ஊர்த்தெய்வமாகவும் ஆனாள்.

சுதந்திரத்துக்குப் பின் தடுப்பூசி மெல்ல மெல்ல வீட்டு வழக்கமாக மாறியது. அம்மை குத்திய தழும்பைக் கையில் தாங்காத முதியவரை இன்று தமிழ்நாட்டில் காண்பது அரிது. பெரியம்மையின் தழும்பு திருமணத்தைத் தடுத்த இடத்தில், இந்தத் தழும்பு எவரையும் எதையும் இழக்கச் செய்யவில்லை. இந்தியாவின் உள்நாட்டு நோயாளிகளில் கடைசியானவர் 1975 மே மாதத்தில் பீகாரில் கண்டறியப்பட்டார். வீடுவீடாகத் தேடி நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்தோர் அனைவருக்கும் தடுப்பூசி இடும் முறையே அந்த வெற்றியைத் தந்தது. உறவினரும் அண்டையாருமாகிய நெருங்கிய வட்டமே நோயின் பாதை என்பதைப் புரிந்துகொண்ட முறை அது.

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் இவ்வரலாறு வேறொரு கோணத்தில் நினைவுக்கு வந்தது. நோயாளி இருந்த வீட்டின் கதவில் மாநகராட்சி ஊழியர்கள் அறிவிப்பு ஒட்டினர். சில தெருக்களும் வீடுகளும் தகரத்தால் அடைக்கப்பட்டன. செய்தி என்னவோ வேப்பிலை சொன்ன அதே செய்திதான். ஆனால் வேப்பிலையை வீட்டார் தம் கையால் செருகினர், அறிவிப்பைப் பிறர் ஒட்டினர். முன்னது உள்ளே ஒரு தெய்வம் இருப்பதாகச் சொன்னது, பின்னது உள்ளே ஓர் ஆபத்து இருப்பதாகச் சொன்னது. சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது அந்த ஏப்ரலில்தான். மருத்துவம் பன்மடங்கு வளர்ந்திருந்த காலத்தில், நோயாளிக்கு மரியாதை தரும் வழக்கம் ஒன்றும் ஆயத்தமாக இல்லாமற்போனது மிகுந்த வருத்தத்துக்குரியது. கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளால் நோயாளிகள் தீண்டத்தகாதோர்போல் நடத்தப்படுவதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், உரிய அதிகார அமைப்பின் உத்தரவு இன்றி அவற்றை ஒட்ட வேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கோயம்புத்தூரில் ஒரு மடம் 2021இல் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தது. ஆனால் நோயாளிகளில் பலர் வீட்டில் இல்லாமல் மருத்துவமனையில் இருந்ததாலும், ஒருமுறை நோய் கண்டவருக்கு மறுபடி வராது என்ற உறுதி இல்லாததாலும், அம்மை வீட்டின் பணிவிடை முறை அந்தத் தெய்வத்தைப் பின்தொடர்ந்து வரவில்லை.

அம்முறை நிலைத்திருப்பது சின்னம்மையில். அதற்குத் தடுப்பூசி உண்டு என்றாலும் அரசு எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாக இடும் தடுப்பூசிகளின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் நோய் வருகிறது, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் இரும்புக் கதவுகளிலும் வேப்பிலை செருகப்படுகிறது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் விடுப்புச் சொல்லப்படுகிறது, அந்த விடுப்பைக் காரணம் கேட்டு மறுக்கும் மேலாளர் தமிழ்நாட்டில் அரிது.